விலை குறையும்வரை காத்திருந்தோம்



வீடியோ கேம் பற்றி எழுத இவர்களுக்கு என்ன தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி சரிதான். நாங்கள் இருவரும் சாதாரணதரப் பரீட்சையோடு பள்ளிக்கூடத்தை விட்டவர்கள். வன்னியில் சண்டையும் இடப்பெயர்வுமாகப் போன காலத்தில் எங்களுக்குத் தெரிந்த விளையாட்டு கிளித்தட்டும் கிரிக்கெட்டும்தான். 2012ஆம் ஆண்டு ஒரு வயதுப் பிள்ளையோடு ஜேர்மனிக்கு வந்தோம். இன்று இருவருக்கும் தொழிற்சாலை வேலை. ஒருவர் காலை ஷிப்ற் என்றால் மற்றவர் பின்னேர ஷிப்ற். பிள்ளைகளோடு எப்போதும் ஒருவர் நிற்கவேண்டும் என்பதற்காக அப்படிக் கேட்டு எடுத்திருக்கிறோம்.

ஆனால் பிள்ளைகளுக்கு வீடியோ கேம் வேண்டிக் கொடுக்கும் விடயத்தில் நாங்கள் ஒரு பிழை விட்டோம். அதே பிழையை எம்மவர்களில் பலர் விடுகிறார்கள் என்று நினைப்பதால் எழுதுகிறோம்.

2023ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம். மகனுக்கு 12 வயது. "எஃப்.சி. 24 வருது, வேண்டித் தாங்கோ" என்று வந்து நின்றான். 1993ஆம் ஆண்டு தொடக்கம் பீபா என்ற பெயரில் வந்துகொண்டிருந்த உதைபந்தாட்ட விளையாட்டுத்தான் இது. 2022இல் வந்த பீபா 23தான் அந்தப் பெயரில் வந்த கடைசி. அதன் பிறகு பெயர் மாறிவிட்டது. விளையாட்டு மாறவில்லை. விலையும் இறங்கவில்லை. பிளேஸ்ரேஷன் 5க்கு 80 யூரோ.

நாங்கள் கணக்குப் போட்டோம். அந்த ஆண்டு இந்த நாட்டில் ஆகக் குறைந்த மணித்தியாலச் சம்பளம் 12 யூரோ. வரி, காப்புறுதி எல்லாம் கழித்துக் கைக்கு வருவதைப் பார்த்தால், 80 யூரோவுக்கு ஒரு முழு ஷிப்ற் நின்றாலும் போதாது. அதே காசை ஊருக்கு அனுப்பினால் இருபத்தையாயிரம் ரூபாவுக்கு மேல் வரும். அங்கே அம்மாவின் மருந்துச் செலவு இருக்கிறது. இங்கே ஒரு டிஸ்க்குக்கு அவ்வளவா?

"கொஞ்சம் பொறு தம்பி. விலை குறையட்டும்" என்றோம். அவனும் "சரி" என்றான். பிறகு ஒருமுறைகூடக் கேட்கவில்லை. எவ்வளவு நல்ல பிள்ளை என்று எங்களுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டோம்.

விலை குறையும் என்று நாங்கள் சொன்னது பொய்யல்ல. இந்த உதைபந்தாட்ட விளையாட்டு பெரும்பாலும் ஒவ்வொரு ஆண்டும் செப்டெம்பர் கடைசியில் வரும். நவம்பர் கடைசியில் பிளாக் பிறைடே மலிவு விற்பனை. அப்போதே பெரும்பாலும் பாதி விலைக்குக் கிட்ட வந்துவிடும். நத்தார் முடிய இன்னும் இறங்கும். அடுத்த செப்டெம்பரில் புதியது வந்தால் பழையதை ஏறெடுத்துப் பார்க்க ஆள் இல்லை. நாங்கள் நவம்பரிலும் வேண்டவில்லை. இன்னும் இறங்கட்டும் என்று இருந்தோம். 2024 மார்ச்சில் 25 யூரோவுக்குக் கண்டோம். 55 யூரோ மிச்சம்! வெற்றி வீரர்கள் மாதிரி வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

மகன் இரண்டு பின்னேரம் விளையாடினான். அதன் பிறகு டிஸ்க் பெட்டிக்குள் கிடந்தது.

எங்களுக்குக் கோபம் வந்துவிட்டது. "25 யூரோ என்ன மரத்திலயே காய்க்குது? எங்கட காசைக் கரியாக்கிறியா?" என்று ஏசினோம். அவன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்:

"அவங்கள் எல்லாரும் செப்டெம்பரில இருந்து சேர்ந்து விளையாடினவங்கள். இப்ப ஆரும் அதுக்கு வாறேல்ல. நான் தனியத்தான் இருக்கிறன்."

"அதை ஏன் முதலே சொல்லேல்ல?"

"நீங்கள் காசு இல்லை எண்டு சொன்னனீங்கள்தானே. பள்ளிக்கூடத்தில ஒவ்வொரு நாளும் இடைவேளையில அவங்கள் அதைப் பற்றித்தான் கதைப்பாங்கள். நானும் விளையாடின மாதிரிக் கதைச்சன். என்னட்ட அந்த கேம் இருக்கு, இன்டர்நெற்தான் வேலை செய்யேல்ல எண்டு சொல்லி வைச்சிருந்தன்."

ஆறு மாதம்! பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஆறு மாதமாகத் தன்னிடம் இல்லாத ஒன்றை இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறான். யூரியூப்பில் மற்றவர்கள் விளையாடுவதைப் பார்த்து, அதைத் தான் விளையாடியதாகச் சொல்லியிருக்கிறான்.

அன்று இரவு எங்களுக்கு நித்திரை வரவில்லை. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அகதிகள் ஹைமில் ஒரே அறையில் இருந்தபோது, ஊரிலிருந்து அம்மாமார் ரெலிபோனில் கேட்பார்கள்: "என்ன சாப்பிட்டனீங்கள்?" நாங்கள் பாணும் ஜாமும் சாப்பிட்டுவிட்டு, "இறைச்சிக் கறியும் சோறும்" என்று சொல்வோம். அவர்கள் கவலைப்படக் கூடாது என்பது ஒரு காரணம். எங்கள் நிலைமையைச் சொல்ல வெட்கமாக இருந்தது இன்னொரு காரணம். அந்த வெட்கம் ஹைமோடு முடிந்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தோம். அது எங்கள் பிள்ளையின் புத்தகப் பையோடு பள்ளிக்கூடம் போய் வந்திருக்கிறது.

அதற்குப் பிறகு ஒரு கொப்பி வைத்து எழுதத் தொடங்கினோம். எந்த விளையாட்டை எப்போது, என்ன விலைக்கு வேண்டுவது என்று மகனையும் பக்கத்தில் இருத்தி விசாரித்தோம். விளங்கியதைச் சொல்கிறோம்.

முதலாவது, கூட்டாளிகளோடு சேர்ந்து விளையாடுவது. உதைபந்தாட்டம் இந்த வகை. இதற்குப் பருவம் உண்டு. ஊரில் பட்டம் ஏற்றுகிற காலம் மாதிரி. காற்று நின்ற பிறகு மலிவாகப் பட்டம் வேண்டி என்ன பயன்? இதை வேண்டுவதென்றால் கூட்டாளிகள் விளையாடும் காலத்தில் வேண்டவேண்டும். இல்லையென்றால் வேண்டாமலே விடலாம்.

இரண்டாவது, தனியே இருந்து கதை மாதிரி விளையாடி முடிப்பது. இதற்கு அவசரமே இல்லை. காத்திருந்தால் விலையும் குறையும், பிழைகளும் திருத்தப்பட்டிருக்கும். 2020 டிசெம்பர் 10ஆம் திகதி சைபர்பங்க் 2077 என்ற விளையாட்டு வந்தது. எங்கள் வேலையிடத்து இளம் பொடியன் ஒருவன் முதல்நாளே பிளேஸ்ரேஷன் 4க்கு முழு விலை கொடுத்து வேண்டினான். பழைய பெட்டிகளில் அது இடையிடையே நின்றுவிடுகிற அளவுக்குப் பிழை. ஏறக்குறைய ஒரு கிழமையில் சொனி நிறுவனம் அதைத் தன் இணையக் கடையிலிருந்து எடுத்துவிட்டு, தன்னிடம் வேண்டியவர்களுக்குக் காசைத் திருப்பிக் கொடுப்பதாக அறிவித்தது. அது திரும்பவும் கடைக்கு வந்தது 2021 ஜூனில்தான். முதல்நாள் வேண்டியவர்கள் கூடுதல் விலை கொடுத்துக் குறைந்த சாமான் எடுத்தார்கள். (அது பெரியவர்களுக்கான விளையாட்டு. பிள்ளைகளுக்கு அல்ல.)

மூன்றாவது, விலை குறையாதது. நின்ரெண்டோ நிறுவனத்தின் மரியோ விளையாட்டுகள் இப்படி. மரியோ கார்ட் 8 டீலக்ஸ் 2017 ஏப்ரலில் ஏறக்குறைய 60 யூரோவுக்கு வந்தது. பல ஆண்டு கழிந்த பிறகும் புதிதாக வேண்டப் போனால் விலை அதற்குக் கிட்டத்தான் நின்றது. சின்ன மகளுக்காக நாங்கள் இரண்டு ஆண்டு காத்திருந்தது வீண். பிறகு பழையதாக 35 யூரோவுக்கு எடுத்தோம். அவள் விளையாடி அலுத்த பிறகு 32 யூரோவுக்கு விற்றோம். செலவு 3 யூரோ! விலை இறங்காத சாமானுக்கு விற்கும்போதும் விலை இறங்காது என்பது அப்போதுதான் விளங்கியது.

நான்காவது, விளையாட்டுப் பெட்டி. முன்பெல்லாம் பெட்டியின் விலை வருடம் போகப் போகக் குறையும் என்பார்கள். அதை நம்பி நாங்கள் பிளேஸ்ரேஷன் 5க்கும் காத்திருந்தோம். 2020 நவம்பரில் டிஸ்க் போடும் பெட்டி 500 யூரோ. 2022 ஓகஸ்டில் அது 550 யூரோவாக ஏறிவிட்டது. காத்திருந்தவர்களுக்கு 50 யூரோ தண்டம். கடைசியில் பழைய பெட்டி ஒன்றைத்தான் எடுத்தோம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இணையத்தில் இறக்குகிற விளையாட்டைப் பிறகு விற்க முடியாது, கூட்டாளிக்கு இரவலாகக் கொடுக்கவும் முடியாது. டிஸ்க் என்றால் விற்கலாம். ஆகவே கடை விலையை மட்டும் பார்க்காமல், விற்றால் என்ன வரும் என்பதையும் கழித்துப் பார்க்கவேண்டும். உதைபந்தாட்ட டிஸ்க்கை விற்பதென்றால் கோடைக்கு முன்பே விற்றுவிட வேண்டும். புதியது வரப்போகிறது என்ற கதை தொடங்கினால் பழையதற்குப் பெறுமதி இல்லை.

வேண்டிய பிறகும் செலவு நிற்பதில்லை. பிளேஸ்ரேஷனில் கூட்டாளிகளோடு இணையத்தில் விளையாடப் பெரும்பாலான விளையாட்டுகளுக்குத் தனிச் சந்தா வேண்டும். 2023 செப்டெம்பரில் ஆகக் குறைந்த சந்தா வருடத்துக்கு 60 யூரோவிலிருந்து 72 யூரோவாக ஏறியது. உதைபந்தாட்ட விளையாட்டுக்குள் ஆட்டக்காரர்களைப் பொதிகளாகக் காசுக்கு விற்கிறார்கள். பல பொதிகளில் உள்ளே யார் இருக்கிறார் என்பது திறந்த பிறகுதான் தெரியும். அதிட்டலாபச் சீட்டு மாதிரி. பெல்ஜியம் நாட்டில் 2018ஆம் ஆண்டு இப்படியான பொதிகளைச் சூதாட்டம் என்று தீர்மானித்தார்கள். எங்கள் வீட்டில் பொதிக்கு ஒரு சதமும் இல்லை என்பது சட்டம்.

டொச் வாசிக்கச் சிரமப்படும் பெற்றோருக்கு ஒரு விடயம். பெட்டியின் முன்பக்கத்தில் வயது அடையாளம் நிறத்தோடு இருக்கும். மஞ்சள் 6 வயது, பச்சை 12, நீலம் 16, சிவப்பு 18. உதைபந்தாட்டம் தானே என்று விட்டுவிடாதீர்கள். இந்தப் பொதி விற்பனை போன்ற காரணங்களால் எஃப்.சி. 24க்கு இங்கே 12 வயது போட்டார்கள்.

2024 செப்டெம்பரில் எஃப்.சி. 25 வந்தபோது, முதற்கிழமையே ஒரு கடையில் டிஸ்க்காக 65 யூரோவுக்கு எடுத்தோம். மகன் தன் பிறந்தநாள் காசில் 20 யூரோ தந்தான். வேண்டாம் என்று சொல்ல நினைத்தோம், பிறகு வாங்கிக்கொண்டோம். தன் காசும் அதில் இருக்கிறது என்பது அவனுக்குப் பெருமை. ஏப்ரலில் அதை ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு 25 யூரோவுக்குக் கொடுத்தோம். ஆக 40 யூரோ செலவில் ஏழு மாதம் கூட்டாளிகளோடு விளையாடினான். மாதம் 6 யூரோகூட இல்லை. முந்தின ஆண்டு மலிவு என்று எடுத்தது ஒரு பின்னேரத்துக்குப் பன்னிரண்டரை யூரோ. எது மலிவு, எது விலை என்று நீங்களே சொல்லுங்கள்.

2025 செப்டெம்பரில் எஃப்.சி. 26 வந்தது. அந்த மாதம் எங்களில் ஒருவருக்கு வேலை குறைவு. அவனிடம் எப்படிச் சொல்வது என்று நாங்கள் யோசித்துக்கொண்டிருக்க, அவனே வந்தான்.

"இப்ப வேண்டாம். நவம்பரில எடுப்பம்."

"கூட்டாளிகள்?"

"எங்கட வீட்டில இப்ப வேண்ட ஏலாது, நவம்பரில மலிவாத்தான் எடுப்பினம் எண்டு அவங்களுக்குச் சொன்னன். பாத்தா அவங்கள் ரண்டு பேருக்கும் அதே பிரச்சினைதான். நாலு பேரும் ஒண்டா நவம்பரில எடுக்கிறதெண்டு கதைச்சு வைச்சிருக்கிறம்."

நவம்பர் கடைசியில் நால்வரும் 40 யூரோவுக்குக் குறைவாக எடுத்தார்கள். ஒரே பின்னேரத்தில் விளையாடத் தொடங்கினார்கள். விலை குறைந்தபோது கூட்டாளிகளும் இருந்தார்கள். இத்தனை கணக்குப் போட்டும் எங்களுக்கு இந்த வழி தோன்றவில்லை. ஆனால் எங்களுக்குச் சந்தோசம் தந்தது மிச்சமான காசு அல்ல. "எங்கட வீட்டில இப்ப வேண்ட ஏலாது" என்று கூட்டாளிகளிடம் நிமிர்ந்து நின்று சொல்ல அவனால் முடிந்ததுதான்.

பெற்றோர்களே, பிள்ளை ஒன்றைக் கேட்டால் விலையை மட்டும் பார்த்துப் பதில் சொல்லாதீர்கள். "ஆரோட விளையாடப் போறாய்? அவை எப்ப வேண்டினம்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஏலாதென்றால் ஏலாது என்று காரணத்தோடு சொல்லுங்கள். திரும்பக் கேட்காத பிள்ளை நல்ல பிள்ளைதான். ஆனால் ஏன் கேட்கவில்லை என்பதையும் நாம் கேட்டு அறியவேண்டும்.