அலமாரியில் இருப்பதே போதும்



பிழைப்பைத் தேடிப் பெங்களூருக்கு வந்த நமக்கு, பகல் முழுவதும் வேலை செய்வது கடினமாகத் தோன்றுவதில்லை. இரவு அடுப்பைப் பற்றவைப்பதே கடினமாகத் தோன்றுகிறது. ஈஜிபுராவில் குடியிருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2017ஆம் ஆண்டில் தொடங்கிய மேம்பாலப் பணி ஆண்டுக்கணக்கில் நீண்டபோது, கோரமங்களாவிலிருந்து வீடு திரும்பும் சிறு தூரமே பெரும் பிரயாணமாயிற்று. களைத்து வருகிறவர் சோறு வடித்துக் குழம்பு கூட்டுவதற்குள் பிள்ளைகள் உறங்கிவிடுகிறார்கள்.

எங்கள் சபையில் ஒரு சகோதரி உண்டு. அலுவலகக் கட்டடம் ஒன்றில் துப்புரவுப் பணி. வீடு சேர இரவு எட்டரை மணியாகும். "அக்கா, பிள்ளைகள் பிஸ்கட்டைத் தின்றுவிட்டுப் படுத்துவிடுகிறார்கள். குடும்ப ஜெபம் நின்று மூன்று மாதமாயிற்று" என்று ஒருநாள் கண்ணீர் விட்டார். உணவு தாமதித்ததால் ஜெபமும் நின்றுபோயிற்று என்பதே என் மனதைத் தொட்டது.

கடன்பட்ட விதவையிடம் எலிசா, அவள் வீட்டில் இருப்பது என்ன என்று கேட்டார் (2 இராஜாக்கள் 4). நாங்களும் அந்தச் சகோதரியின் அலமாரியைத் திறந்து பார்த்தோம். ஒரு பாக்கெட் மக்ரோனி, பூண்டு, காய்ந்த மிளகாய், வேர்க்கடலை, கடலெண்ணெய் இருந்தன. இவை போதும் என்றேன்.

மக்ரோனியும் பாஸ்தாவும் நமக்கு அந்நியமானவை அல்ல; நம் சேமியாவின் உறவுகளே. கெட்டியான கோதுமையின் ரவையில் செய்த பாஸ்தா கொதிநீரில் எளிதில் குழையாது. இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்தார் பூண்டையும் மிளகாயையும் எண்ணெயில் வதக்கி, அதிலேயே பாஸ்தாவைப் புரட்டி உண்பார்கள். அதை நம் கைப்பக்குவத்தில் செய்யலாம்.

நான்கு பேருக்கு 300 கிராம் போதும். பெரிய பாத்திரத்தில் தண்ணீர் நன்றாகக் கொதித்தபின் உப்பிட்டு மக்ரோனியைப் போடவேண்டும். ஏறக்குறைய 10 நிமிடத்தில் வெந்துவிடும். உள்ளே சற்று உறுதி இருக்கும்போதே வடித்துவிட வேண்டும். வடித்த நீரில் ஒரு டம்ளரை எடுத்து வையுங்கள். சோற்றுக் கஞ்சியைப்போல அதிலும் மாவுச்சத்து உண்டு. எண்ணெயோடு சேரும்போது அது குழம்புபோல் திரண்டு மக்ரோனியில் ஒட்டிக்கொள்ளும். அது வேகும் நேரத்தில் மற்றோர் அடுப்பில் எட்டுப் பல் பூண்டையும் நான்கு மிளகாயையும் இளந்தீயில் வதக்குங்கள். பூண்டு கருகினால் கசக்கும். தக்காளி இருந்தால் சேருங்கள், இல்லாவிட்டாலும் குறையில்லை. கடைசியாக இரண்டு கைப்பிடி வறுத்த வேர்க்கடலையை இடித்துத் தூவுங்கள். வேர்க்கடலையில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 25 கிராம் புரதம் இருப்பதால், வளரும் பிள்ளைகளுக்கு வெறும் மாவுணவாக இது முடிவதில்லை. மக்ரோனி இல்லாத நாளில் வறுத்த சேமியாவில் இதையே செய்யலாம்; வேகும் நேரம் இன்னும் குறைவு.

அந்தச் சகோதரியின் வேலைநேரம் மாறவில்லை. இன்றும் எட்டரைக்கே வருகிறார். ஆனால் தாய் வருமுன் பிள்ளைகள் பூண்டு உரித்துத் தட்டுகளை எடுத்து வைத்துக் காத்திருக்கிறார்கள். ஒன்பது மணிக்குச் சாப்பாடு. அதன்பின் ஒரு சங்கீதமும் சிறு ஜெபமும். எல்லா நாளும் கூடுவதில்லை. வாரத்தில் மூன்று, நான்கு நாட்கள் கூடுகிறது. அதற்காக ஸ்தோத்திரம்.

இரவு முழுவதும் பிரயாசப்பட்டுக் கரையேறிய சீஷருக்காக, உயிர்த்தெழுந்த ஆண்டவர் கரிநெருப்பின்மேல் மீனையும், அதனோடு அப்பத்தையும் ஆயத்தமாக வைத்திருந்தார் என்று யோவான் 21ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். பேதுருவோடு பேசவேண்டியவை அநேகம் இருந்தும், முதலில் அவர்களுக்கு உணவளித்தார். ஆகையால் களைப்போடு நீங்கள் மூட்டும் அடுப்பை அற்பமாய் எண்ணாதிருங்கள். அதுவும் ஓர் ஊழியமே. கர்த்தர் உங்கள் பந்தியை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.