கலைத்து வைத்த கற்கள்

யூபிலி மலருக்கு ஏதேனும் எழுதித் தருமாறு மலர்க் குழுவினரின் கடிதம் வந்த வேளையில், என் மேசைமீது சிறுவர் விளையாட்டுப் பொருளொன்று கிடந்தது. அதனைப் பற்றியே எழுதத் துணிந்தேன். தலை நரைத்த ஒருவன் தன் வீட்டு முன்கூடத்தில் பிளாஸ்ரிக் கற்களை அடுக்கி வைத்துப் பேணுகின்றான் என்று கேட்டு, என்னோடு ஒரே வாங்கிலிருந்து படித்த நண்பர்கள் நகைப்பாராயின், அந்நகைப்பு எனக்கும் உடன்பாடே. ஆயினும், இறுதிவரை படித்த பின்னர் நகைக்குமாறு அவர்களை வேண்டுகின்றேன்.

லெகோ எனப்படும் அக்கற்களின் தாயகம், டென்மார்க்கிலுள்ள பில்லுண்ட் என்னும் சிற்றூராகும். ஓலே கிர்க் கிறிஸ்ரியன்சன் என்னும் தச்சர் 1932இல் அங்கு மரப் பொம்மைகள் செய்யத் தொடங்கினார். "நன்றாய் விளையாடு" என்று பொருள்படும் டேனிய மொழிச் சொற்கள் இரண்டைச் சுருக்கி, 1934இல் லெகோ என்னும் பெயரை வைத்தார். ஒரு கல்லின் மேலுள்ள குமிழ்களை அடுத்த கல்லின் உள்ளேயுள்ள குழாய்கள் இறுகப் பற்றும் இன்றைய அமைப்புக்கு, 1958ஆம் ஆண்டு சனவரி 28ஆம் நாள் காப்புரிமை கோரப்பட்டது. அன்று முதல் வார்த்த கற்கள் இன்று வார்க்கும் கற்களோடும் பொருந்துகின்றன. விளையாட்டுப் பொருளுக்கு இத்தகைய நீண்ட நெறி இருப்பது வியப்பன்றோ?

1980களில் டென்மார்க்கில் அடைக்கலம் புகுந்த நம்மவருள் என் தம்பியும் ஒருவன். அவன் 1989இல், ஊருக்கு வந்த ஒருவரிடம் அக்கற்கள் அடங்கிய பெட்டியொன்றைக் கொடுத்தனுப்பினான். அப்போது ஐந்து வயதினனாயிருந்த என் இளைய மகன் வெள்ளைச் சுவரும் சிவப்புக் கூரையுமாக ஒரு வீட்டைக் கட்டி, "அப்பா, இது எங்கடை வீடு" என்றான். எனக்குண்டான பெருமைக்கு அளவில்லை. அவ்வீட்டை முன்கூடத்துக் கண்ணாடி அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். வருவோர் போவோர்க்கெல்லாம் காட்டினேன். அதனைக் கலைத்துக் கப்பல் கட்ட வேண்டுமென்று அவன் பலமுறை கேட்டும் நான் இசையவில்லை. எஞ்சிய கற்களை ஒரு பால்மாப் பேணியிலிட்டு அவன் கையிற் கொடுத்தேன். மேற்குச் சாளரத்தின் வெயில் நாள்தோறும் பட்டு, அலுமாரியிலிருந்த வீட்டின் வெண்சுவர்கள் பழுப்பேறின. பேணிக்குள் இருந்தவையோ நிறம் மாறவில்லை. அதன் பொருளை நான் அப்போது உணர்ந்தேனல்லேன்.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் யாவரும் வீடுகளை விட்டுப் புறப்பட்டதை இம்மலரைப் படிப்போரிற் பலர் நேரில் அறிவர். மழையிலும் இருளிலும் நாங்கள் செம்மணி வெளியைக் கடந்து நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்தோம். வீட்டைவிட்டு வெளியேறு முன்னர் மகன் அலுமாரியைச் சுட்டி, "வீட்டை எடுக்கட்டா?" என்று கேட்டான். "கட்டின வீட்டையே விட்டுப் போறம்; இதையோ எடுக்கிறது?" என்று சினந்தேன். சாவி என் மடியில்தான் இருந்தது. திறந்து கொடுத்திருக்கலாம்.

கொடிகாமத்தில் உறவினர் வீட்டுத் திண்ணையில் துணிப்பையை அவிழ்த்தபோதுதான், பால்மாப் பேணி அதனுள் இருந்ததைக் கண்டேன். அத்திண்ணையிலும் முற்றத்திலும் ஐந்து குடும்பங்கள் தங்கியிருந்தன. பிள்ளைகள் அனைவரும் அப்பேணியைச் சூழ்ந்தனர். காலையில் கிணறு கட்டினர். மாலையில் அதனைக் கலைத்துப் பாலம் கட்டினர். அவ்வாறு கழிந்த மாதங்களில் நான் கண்ட சிரிப்புகளிற் பெரும்பங்கு அப்பேணியிலிருந்தே பிறந்தது. 1996இல் நாங்கள் ஊர் திரும்பியபோது அலுமாரியின் கண்ணாடி நொறுங்கியிருந்தது. உள்ளே வைத்த வீட்டைக் காணவில்லை. காட்சிக்கு வைத்தது போயிற்று. கலைத்து வைத்தது எங்களோடு வந்தது.

மகன் இன்று வெளிநாட்டில் வாழ்கின்றான். வருந்தோறும் கற்கள் கொண்டு வருகின்றான். அவை பெருகப் பெருக, அவற்றைப் பேணும் முறையும் எனக்குப் பழகிற்று. முதலில் நிறவாரியாகப் பிரித்தேன், அது பிழை. சிவப்புக் குவியலுள் ஒரு சிறு சிவப்புத் துண்டைத் தேடிக் கண் களைத்தது. இப்போது வடிவுவாரியாகப் பிரிக்கின்றேன். பல நிறங்களுள் வேண்டிய நிறத்தைக் கண் நொடியிற் பிடிக்கும். பெருங்கற்களுக்குப் பனையோலைப் பெட்டிகள் போதும். சிறு துண்டுகள் ஓலையின் இழைகளுக்குள் சிக்குவதனால், அவற்றைக் கண்ணாடிப் போத்தல்களிலிட்டுப் பெயர் ஒட்டியுள்ளேன். கல்லூரி இரசாயன கூடத்தில், எடுத்த போத்தலை எடுத்த இடத்தில் வையாதவனை ஆசிரியர் வெளியே நிறுத்திய பாடம் இந்த முதுமையிற் பயன்படுகின்றது. கட்டும் முறையைக் காட்டும் தாள்களை, இராமபாணப் பூச்சி அரிக்காவண்ணம் உலர்ந்த வேப்பிலையோடு வைத்திருக்கின்றேன். அழுக்கேறிய கற்களை 40 பாகை செல்சியசுக்கு மேற்படாத இளஞ்சூட்டு நீரிற் கழுவி, நிழலில் உலர்த்துகின்றேன்.

காட்சிக்கு வைப்பதை நான் வெறுத்தேனல்லேன். வெயில் படாத கிழக்குச் சுவரோரம் ஒரு தட்டு உண்டு. ஒரு வரிசையில் 32 குமிழ்களையுடைய அடித்தட்டின் பக்கம் 25.6 சதமமீற்றர் ஆதலின், அதற்குச் சற்றே கூடிய அகலத்தில் பலகை அறுப்பித்தேன். மென்தூரிகையால் வாரந்தோறும் தூசி துடைப்பேன். ஆனால், எதனையும் மூன்று திங்களுக்கு மேல் அங்கு வைப்பதில்லை, பூட்டும் இல்லை. எட்டுக் குமிழ்களையுடைய ஒரே நிறக் கற்கள் ஆறனை 915,103,765 வகையாகப் பொருத்தலாமென்று கணித அறிஞர் கணக்கிட்டுள்ளனர். கட்டிப் பூட்டிய பொருள் அத்தனையுள் ஒன்றே. கலைத்து வைத்த ஆறு கற்களிலோ அத்தனையும் அடங்கியிருக்கின்றன.

சென்ற விடுமுறையில் மகன் தன் மகளோடு வந்திருந்தான். அவள் அப்பழைய பேணியைக் கவிழ்த்து, 1989ஆம் ஆண்டுக் கற்களின்மேல் தான் கொண்டுவந்த புதிய கற்களை வைத்து அழுத்தினாள். அவை இறுகப் பொருந்தின. மாலைக்குள் சிவப்புக் கூரையிட்ட ஒரு வீடு எழுந்தது. அதனைக் கையில் ஏந்திய மகன், என்னைப் பார்த்து, "அலுமாரியிலை வைக்கட்டா, அப்பா?" என்றான். அவன் முகத்தில் குறும்பு இருந்தது. அதன் அடியில் 1995ஆம் ஆண்டின் கேள்வியும் இருந்தது.

"வேண்டாம் தம்பி. அவளிட்டைக் குடு, கப்பல் கட்டட்டும்" என்றேன்.

அவன் சிரித்துக்கொண்டே மகளிடம் கொடுத்தான். மறுநாட் காலையில் வீடு இல்லை. என் மேசைமீது ஒரு கப்பல் நின்றது. தொடக்கத்தில் நான் கூறிய விளையாட்டுப் பொருள் அதுவே.