பெயிண்ட் அடிக்காத டிவிஎஸ் 50

போன இதழில் நிறையப் பேர் கோடை விடுமுறைக்குப் போய் வந்த ஊர்களைப் பற்றி எழுதியிருந்தீர்கள். ஊட்டி, ஏற்காடு, கன்னியாகுமரி என்று படிக்கவே ஆசையாக இருந்தது. நான் 2025 மே மாதம் முழுக்க எங்கள் வீட்டு மாட்டுக் கொட்டகையைத் தாண்டவில்லை! அங்கேதான் எங்கள் அப்பாருவின் டிவிஎஸ் 50 ஆறு வருஷமாகச் சாக்குக்கு அடியில் நின்றுகொண்டிருந்தது. அதை ஓட வைத்த கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் வண்டியைப் பற்றிக் கொஞ்சம். எக்ஸ்எல் 100 எல்லாருக்கும் தெரியும். அது 2015இல் வந்தது, ஃபோர் ஸ்ட்ரோக். அதற்குப் பாட்டன்தான் டிவிஎஸ் 50. 1980இல் ஓசூர் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது. இரண்டு பேர் உட்கார்ந்து போகிற மாதிரி இந்தியாவில் வந்த முதல் மொபெட் அதுதான். டூ ஸ்ட்ரோக் இன்ஜின். கியர் கிடையாது. சைக்கிள் மாதிரி பெடல் உண்டு. ஸ்டாண்டு போட்டுப் பெடலை மிதித்தால் ஸ்டார்ட் ஆகும். பெட்ரோல் தீர்ந்துவிட்டால் மிதித்தே வீடு வந்து சேரலாம். (ஏற்றத்தில் மட்டும் உயிர் போய்விடும் என்று அப்பா சொல்வார்.)

அப்பாரு அதை 1986இல் வாங்கினார். அதுவரை சைக்கிளில் பால் கேன் கட்டிக்கொண்டு போனவர். விடிகாலை நாலரை மணிக்கு அந்த வண்டிச் சத்தம் கேட்டுத்தான் எங்கள் வீதியில் பாதிப் பேர் எழுந்திருப்பார்களாம். 2019இல் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் பேச்சும் போய்விட்டன. வண்டியும் அன்றோடு நின்றது.

"இரும்புக் கடையில போட்டா கொட்டகையில இடமாவது மிஞ்சும்" என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். நான் விடவில்லை. கடைசியில் இரண்டு நிபந்தனையோடு சரி என்றார். ஒன்று, செலவு 5,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. இரண்டு, வண்டி ஓட ஆரம்பித்ததும் புதுசாகப் பெயிண்ட் அடித்துவிட வேண்டும்.

எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணன் வந்து சாக்கை எடுத்துப் பார்த்தார். "பெயிண்ட்டு கடைசித் தம்பி. மொதல்ல உசுரு இருக்குதான்னு பார்ப்போம்" என்றார். டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு மூன்று விஷயம் போதுமாம். சுத்தமான பெட்ரோல் வர வேண்டும், நேரத்துக்குப் பொறி வர வேண்டும், காற்று கண்ட இடத்தில் நுழையக் கூடாது.

டாங்க்கைத் திறந்தால் உள்ளே செங்கல் பொடி மாதிரி துரு! இரும்பு ஆக்ஸைடு அமிலத்தில் கரையும் என்று வேதியியலில் படித்திருக்கிறோம் அல்லவா? பரீட்சைக்கு மட்டும்தான் அது என்று நினைத்திருந்தேன். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று விற்பது சிட்ரிக் அமிலம்தான். அதைச் சுடுதண்ணீரில் கரைத்து டாங்க்கில் ஊற்றி ஒரு நாள் வைத்தோம். மறுநாள் காபி நிறத்தில் தண்ணீர் வந்தது. பிறகு ஆப்ப சோடா கலந்த தண்ணீரில் அலசி, வெயிலில் காயவைத்து, மறுபடி துருப் பிடிக்காமல் இருக்க உள்ளே ஆயில் ஊற்றிக் குலுக்கினோம். டாங்க்கின் வெளிப் பெயிண்ட்டில் அமிலம் படாமல் துணி சுற்றியிருந்தோம்.

அடுத்தது பொறி. மேக்னட்டோவுக்குள் பாயிண்ட் என்று ஒன்று இருக்கிறது. அது மூடித் திறக்கும்போதுதான் பிளக்கில் பொறி வரும். சும்மா நின்றே அதில் களிம்பு ஏறியிருந்தது. மெல்லிய எமரித் தாளால் தேய்த்து, ஃபீலர் கேஜ் வைத்து இடைவெளியைச் சரிசெய்தார் அண்ணன். அரை மில்லிமீட்டர்கூட இல்லாத இடைவெளி அது! பிளக்கைக் கழற்றி இன்ஜின் மேல் தொட வைத்துப் பெடலைச் சுற்றியதும் 'சட்' என்று நீலப் பொறி. நான் துள்ளிக் குதித்தேன்.

மூன்றாவது ஆயில் சீல். ரப்பர் காய்ந்து ஓடு மாதிரி ஆகியிருந்தது. கிராங்க் பக்கம் அதன் வழியாகக் காற்று புகுந்தால் வண்டி ஒழுங்காக ஓடாது. அதை மாற்றியே ஆக வேண்டும். பெட்ரோல் டியூபும் அப்படித்தான். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பருக்கு அது ஆகாது, ஊறி விரிந்துவிடும். அதனால் எத்தனாலைத் தாங்கும் டியூப் வாங்கினோம். டயர், டியூப், பிரேக் கேபிள், பிரேக் ஷூ எல்லாம் புதுசு. அந்தக் காலத்துப் பிரேக் ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், அந்தத் தூசியை வாயால் ஊதாதே என்று அண்ணன் முன்னாலேயே எச்சரித்தார். ஈரத் துணியால் துடைத்தோம்.

சைலன்சர் கரி பிடித்து அடைத்திருந்தது. நெருப்பில் போட்டுச் சுட்டால் சீக்கிரம் சுத்தமாகும். ஆனால் குரோம் பூச்சு நீலம் பாய்ந்துவிடும். ஆகவே கம்பியும் பிரஷ்ஷும் வைத்துப் பொறுமையாகச் சுரண்டினோம். ஹேண்டில்பாரில் இருந்த துருவுக்குச் சாக்லேட் சுற்றி வரும் அலுமினியத் தாள்தான் மருந்து. தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் போகிறது. நீங்களும் சைக்கிளில் செய்து பாருங்கள்.

மொத்தச் செலவு 4,620 ரூபாய். முதல் நிபந்தனை நிறைவேறியது. வந்தது இரண்டாவது நிபந்தனை!

வண்டியின் கருஞ்சிவப்புப் பெயிண்ட் வெளிறித்தான் போயிருந்தது. ஆனால் சோப்புத் தண்ணீரில் கழுவி மெழுகு பாலிஷ் போட்டதும் உள்ளிருந்து ஒரு பளபளப்பு வந்தது. 1986இல் கம்பெனியில் அடித்த அதே பெயிண்ட். அதை எதற்கு மூட வேண்டும்? அப்பாவிடம் கேட்டேன். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தக் கீறலெல்லாம் எங்க கஷ்ட காலம்டா கண்ணு. ஒரு நாள் பால் திரிஞ்சா அடுத்த நாள் வீட்டுல அடுப்பு எரியாது. அதைப் போயி எதுக்குப் பத்திரப்படுத்தணும்?" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவர் சொன்னதும் நியாயம்தானே?

மெக்கானிக் அண்ணனுக்கு வேறு கணக்கு. "ஒரிஜினலா வைக்கணும்னா கம்பெனி விட்ட மாதிரி வைக்கணும். பின்னாடி கேன் மாட்டுற கொக்கி லேத்துல வெல்டு வெச்சது. அது ஒரிஜினல் இல்ல, அறுத்துடலாம்" என்றார். யோசித்தால் அவர் சொல்வதும் சரிதான். எது ஒரிஜினல்? ஓசூரில் இருந்து வந்த வண்டியா, எங்கள் வீட்டில் 33 வருஷம் உழைத்த வண்டியா? எங்கள் ஊர்த் தேரில் பழுதான கட்டைகளை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். ஆனாலும் அது எங்கள் ஊர்த் தேர்தான். ரப்பரும் டயரும் அந்தக் கட்டை மாதிரி, மாற்றலாம். ஆனால் கொக்கி?

அண்ணன் ரம்பத்தைக் கொக்கியில் வைத்தபோது, "அத உடுங்க தம்பி" என்று குரல் கேட்டது. எங்கள் அப்பா! பள்ளிக்கூடம் போகும்போது அந்தக் கொக்கியைப் பிடித்துக்கொண்டுதான் கேனுக்கும் அப்பாருவுக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பாராம். "அறுக்க வேண்டாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு பெயிண்ட் பற்றி அவர் பேசவே இல்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை!

வண்டியை அப்பாருவின் கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து ஸ்டாண்டு போட்டேன். லிட்டருக்கு 40 மில்லி ஆயில் கலப்பது அவர் கணக்கு. அதே கணக்கில் ஊற்றினேன். பதினைந்தாவது மிதியில் ஒரே புகை, பிறகு அந்தச் சத்தம்! மாடுகள் திரும்பிப் பார்த்தன. ஆத்தா அடுப்படியிலிருந்து ஓடி வந்தார். அப்பாரு இடது கையை உயர்த்தி ஆக்ஸிலேட்டர் திருகுவது போலக் காட்டினார். இன்னும் கொஞ்சம் கொடு என்று அர்த்தம். கொடுத்தேன்.

இப்போதைக்கு வண்டி வாசலுக்குள்தான் ஓடுகிறது. சொந்த வண்டிக்குப் பதிவு 15 வருஷம், அப்புறம் 5 வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும். எங்களுடையது காலாவதி ஆகிவிட்டது. ஆர்.டி.ஓ. ஆபீசில் வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். 50 சிசிக்கு மேற்படாத வண்டிக்கு 16 வயதிலேயே, பெற்றோர் சம்மதத்தோடு, லைசென்ஸ் எடுக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஹெல்மெட் கட்டாயம். 2021இல் வந்த மத்திய அரசு விதிப்படி, 50 வருஷம் தாண்டி, பெரிய மாற்றம் எதுவும் செய்யாமல் இருக்கிற வண்டியைத்தான் 'விண்டேஜ்' என்று பதிவு செய்ய முடியும். எங்கள் வண்டிக்கு அந்தத் தகுதி 2036இல் வரும். அப்போது எனக்கு 27 வயது!

கடைசியாக ஒன்று. வண்டியில் பெரிய கீறல்கள் ஏழு இருக்கின்றன. ஒவ்வொன்றும் எப்படி வந்தது என்று ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். வாய்க்கால் பாலத்தில் விழுந்தது, கன்றுக்குட்டி முட்டியது என்று நாலு கீறலுக்கு ஆத்தா கதை சொன்னார். மீதி மூன்று அப்பாருவுக்கு மட்டும்தான் தெரியும். அவரால் சொல்ல முடியாது. வண்டியின் மேல் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டினால் சிரிக்கிறார், அவ்வளவுதான்.

உங்கள் வீட்டிலும் சைக்கிளோ, தையல் மிஷினோ, ரேடியோவோ சாக்குக்கு அடியில் இருக்கும். பழுது பார்க்கிறீர்களோ இல்லையோ, அதன் கதையை இன்றைக்கே கேட்டு எழுதி வையுங்கள். என் நோட்டில் மூன்று பக்கம் காலியாக இருக்கிறது.

— பதினொன்றாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்