காற்றில்லாத நாளில் வந்த கடல்

கன்னியாகுமரிக் கரையிலுள்ள அழிக்காலில் அம்மா வீட்டு அடுக்களைக்குள் ஒரு சித்திரை மத்தியானம் கடல் ஏறி வந்திருக்கிறது. அம்மா இதைச் சொல்லும்போதெல்லாம் தண்ணீரின் உயரம் முழங்காலுக்கும் இடுப்புக்கும் நடுவே மாறிக்கொண்டே இருக்கும். மாறாதது ஒன்றுதான்: அன்றைக்குத் தென்னை ஓலைகூட அசையவில்லை. புயல் கிடையாது, மழை கிடையாது, வானத்தில் ஒரு துண்டு மேகம் கிடையாது.

கோடைதோறும் செய்தித்தாளில் இதற்கு ஒரு வரி வந்துவிடும், 'பௌர்ணமியையொட்டிக் கடல் சீற்றம்' என்று. பௌர்ணமி மாதாமாதம் வருகிறது. கடல் மாதாமாதம் அடுக்களைக்கு வருவதில்லையே? அந்த எரிச்சலில்தான் தேட ஆரம்பித்தேன்.

ஊரில் எல்லோரும் ஒரு பாட்டாவைக் கைகாட்டினார்கள். கரமடி வலை இழுத்தே வயதானவர். அவர் செய்தித்தாளின் கட்சி.

"வாவு பாக்காம கடலு ஏறாது மக்களே."

வாவு என்றால் பௌர்ணமி அல்லது அமாவாசை. எனக்கு இது போதவில்லை. மாமாவின் பழைய நாட்காட்டிகள், சித்தி நினைவில் வைத்திருந்த கல்யாணத் தேதிகள், பிள்ளை பிறந்த நாட்கள் எல்லாவற்றையும் வைத்துக் கடல் ஏறிய நாட்களைக் குறித்து, பஞ்சாங்கத்தோடு ஒத்துப் பார்த்தேன். சில பௌர்ணமிக்குப் பக்கத்தில் விழுந்தன, சில அமாவாசைக்குப் பக்கத்தில், சில இரண்டுக்கும் சரி நடுவில். கடைசியில் கையில் ஒரு நல்ல சாட்சி கிடைத்தது: 2024 மார்ச் 31. அன்று ஆலப்புழையிலிருந்து திருவனந்தபுரம் வரை பல இடங்களில் கடல் ஊருக்குள் புகுந்தது. பௌர்ணமி முடிந்து ஆறு நாள் ஆகியிருந்தது. தேய்பிறை பாதி நிலாவை நெருங்கிக்கொண்டிருந்தது, ஓதம் தளர்ந்துவரும் நேரம். வெற்றியோடு பாட்டாவிடம் போனேன்.

"அண்ணைக்கு என்ன நாளு?"

"ஈஸ்டர்."

"வாவு கழிஞ்சு வர்ற ஞாயிறுதானே ஈஸ்டரு. நாஞ் சொன்னதுதான்."

கோயில் கணக்கில் அது சரிதான். பௌர்ணமி இல்லாமல் ஈஸ்டர் இல்லை. இப்படி ஒருவரோடு வாதாடி என்ன செய்ய? எழுந்து கிளம்பினேன். அப்போது அவர், வாதத்துக்காக இல்லாமல் சும்மா, ஒன்று சொன்னார். கடல் ஏறப்போகிறதென்றால் முந்தின நாளே தெரிந்துவிடுமாம். அலை பெரிதாகாது. ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவே நேரம் நீளும். அதைப் பார்த்துத்தான் அவர் காலத்தில் வள்ளத்தை மேலே ஏற்றுவார்களாம்.

நான் திரும்ப உட்கார்ந்துவிட்டேன். நிலாவை விட்டுவிட்டுத் தேட வேண்டிய சங்கதி இதுதான்.

வால்டர் மங்க் என்ற கடலியலாளர் 1950களிலும் 60களிலும் இதே இடைவெளியின் பின்னால்தான் அலைந்தார். கலிபோர்னியாவுக்கு அருகே சான் கிளெமென்டே தீவில் அவர் குழு அளந்த அலைகளில் சில இந்தியப் பெருங்கடலில் பிறந்தவை. பாதி உலகத்தைக் கடந்து வந்திருந்தன. 1963இல் நியூசிலாந்து முதல் அலாஸ்கா வரை வரிசையாகக் கருவிகளை வைத்து, தெற்கே எழுந்த அலைகள் பசிபிக் முழுவதையும் தாண்டிப் போவதைப் பின்தொடர்ந்தார்கள்.

சூட்சுமம் எளிது. ஆழ்கடலில் நீண்ட இடைவெளி கொண்ட அலைகளுக்கு வேகம் அதிகம். 20 விநாடிக்கு ஒன்றாக வரும் அலைக்கூட்டம் மணிக்கு 56 கிலோமீட்டர் போகும். 16 விநாடிக் கூட்டம் 45 கிலோமீட்டர்தான். கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கு ஊர் ஒன்றாக நடக்கத் தொடங்கினாலும் இளவட்டங்கள் முன்னால் போய்விடுவார்கள், கிழவிகள் பின்தங்குவார்கள். கோயில் வாசலில் நின்று இரண்டு கூட்டத்துக்கும் நடுவே எவ்வளவு நேரம் என்று பார்த்தால், எவ்வளவு தூரம் நடந்து வந்தார்கள் என்று சொல்லிவிடலாம்.

கடந்த சித்திரையில் கடல் ஏறும் என்று எச்சரிக்கை வந்த ஒரு நாள், தூண்டில் வளைவுக் கற்களில் கைபேசியோடு உட்கார்ந்தேன். கடல் எண்ணெய் விட்டதுபோல மினுங்கிக் கிடந்தது. பத்துப் பத்து அலையாக எண்ணி வகுத்தேன். 20 விநாடிக்குப் பக்கத்தில் வந்தது. மறுநாள் அதே நேரம் 16. வெறுங்கண்ணால் எண்ணும் கணக்கில் பிசகு இருக்கும்; ஆனாலும் போட்டுப் பார்த்தால் தூரம் சுமார் 5,400 கிலோமீட்டர்.

வரைபடத்தை விரித்தேன். கன்னியாகுமரியிலிருந்து நேர் தெற்கே கோடு இழுத்தால் ஒரு தீவு, ஒரு பாறைகூட இல்லை. மாலத்தீவும் சாகோசும் மேற்கே ஒதுங்கிவிடுகின்றன. கோடு முதன்முதலாக மண்ணில் முட்டுவது 5,100 கிலோமீட்டர் தள்ளி, ஆம்ஸ்டர்டாம் தீவில். பிரான்சுக்குச் சொந்தமான சின்ன எரிமலைத் தீவு. குடிமக்கள் கிடையாது, ஆய்வு நிலையக்காரர்கள் மட்டும். அழிக்காலின் தெற்குப் பக்கத்து வீடு என்று அதைத்தான் சொல்ல வேண்டும். அதைத் தாண்டினால் 40 பாகைக்குத் தெற்கே, தடுக்கப் பெரிதாக நிலம் இல்லாமல் உலகைச் சுற்றி அடிக்கும் மேலைக்காற்று. என் கணக்கு போய் நின்றது அந்தக் காற்றின் விளிம்பில்.

அடுத்த முறை இதைச் சொன்னதும் பாட்டா உடனே மடக்கினார். "அங்க தெனமும் காத்துன்னா இங்க தெனமும்லா ஏறணும்?" நியாயமான கேள்வி, நானே முதலில் கேட்டிருக்க வேண்டியது. அங்குள்ள புயல்கள் பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே ஓடிவிடுகின்றன. அலையும் அவற்றோடு ஆஸ்திரேலியப் பக்கம் போய்விடும். எப்போதாவது ஒரு தாழ்வு மண்டலம் ஓட்டத்திலிருந்து பிரிந்து சில நாள் ஒரே இடத்தில் தங்கி, வடக்குப் பார்த்து விடாமல் காற்றை வீசும். அப்போதுதான் அலை நம் பக்கம் திரும்புகிறது. வழியில் அது ஒரு கப்பலைக்கூடப் பயமுறுத்தாது. அடுத்தடுத்த முகடுகளுக்கு நடுவே 600 மீட்டர் இருக்கும்போது யாருக்குத் தெரியும்? கரையோரத்தில் ஆழம் குறைந்ததும்தான் நிமிர்கிறது. கோடையில் இங்கே நம் கடல் சும்மா கிடப்பதால் வந்த விருந்தாளி தனியாகத் தெரிகிறது. ஆனி, ஆடியில் பருவக்காற்றின் அலைக்குள் கலந்துவிடும். கோடியக்கரைக்கும் ராமேஸ்வரத்துக்கும் இந்த விருந்து அவ்வளவாகக் கிடைப்பதில்லை, இலங்கை குறுக்கே நிற்கிறது.

ஹைதராபாத்தில் உள்ள இந்தியக் கடல் தகவல் மையம், கேரளத்தில் கள்ளக்கடல் என்று சொல்லும் இதற்கு இப்போது முன்கூட்டியே எச்சரிக்கை தருகிறது. நிலாவுக்கும் பங்கு உண்டுதான். இதே அலை ஓதம் பொங்கும் நேரத்தில் வந்தால் இன்னும் உள்ளே ஏறும். ஆனால் நம் கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கமே ஒரு மீட்டரை ஒட்டித்தான். அது கதவைத் திறந்துவிடும், அவ்வளவே.

பாட்டாவிடம் அந்த ஈஸ்டர் அலையின் பிறப்பையும் சொன்னேன். தென் அட்லாண்டிக்கில் எழுந்த தாழ்வு மண்டலம், மார்ச் 25 அன்று இந்தியப் பெருங்கடலின் தென்கோடிக்கு நகர்ந்து, 11 மீட்டர் அலைகளைக் கிளப்பியிருக்கிறது. நிலாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று முடித்தேன்.

"இருவத்தஞ்சா? புனித வாரத் திங்கள்." விரலை மடக்கி எண்ணினார். "அண்ணைக்குத்தான் மக்களே வெளுத்த வாவு."