கண்ணாடிக்குள் ஒரு மரத்தரை

சிகாகோவில் மிச்சிகன் அவென்யூவில் இரண்டு வெண்கலச் சிங்கங்கள் காவல் நிற்கும் கலைக்கூடத்துக்குள் நுழைந்ததும், எல்லோரும் ஓவியங்களைத் தேடி மாடிக்கு விரைகிறார்கள். நீங்கள் முதலில் கீழ்த்தளத்துக்கு இறங்குங்கள். அங்கே கண்ணாடிகளுக்குப் பின்னால் 68 குட்டி அறைகள் காத்திருக்கின்றன. வரவேற்பறை, சமையலறை, படுக்கையறை எல்லாமே அடிக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கில்! நாற்காலி உள்ளங்கைக்குள் அடங்கிவிடும்.

சிறு வயதிலிருந்தே சொப்புச் சாமான் ஆசை விடாத நர்சிஸா தார்ன் என்ற சீமாட்டி, 1932 முதல் 1940 வரை கைதேர்ந்த தொழிலாளர்களைக் கொண்டு இவற்றைச் செய்வித்தார். பொம்மை வீடுதான்; ஆனால் பொம்மைகளே கிடையா. யாரோ இப்போதுதான் எழுந்து போனது போல் இருக்கும்.

சரவிளக்கைப் பார்த்து வாயைப் பிளக்கிறவர்கள் பிளக்கட்டும். நான் தரையைத்தான் பார்க்கச் சொல்லுவேன். ஜன்னல் வெளிச்சம் வந்து விழுகிற இடம் அது. அது பொய்யாகத் தெரிந்தால் அறை முழுவதும் விளையாட்டுச் சாமானாகிவிடும்.

இதில் என்ன கஷ்டம் என்கிறீர்களா? மரத்தை எவ்வளவு சிறிதாக வேண்டுமானாலும் அறுக்கலாம். அதன் ரேகையை யார் சிறிதாக்குவது? நிஜ வீட்டில் மூன்று அங்குல அகலப் பலகை, இங்கே கால் அங்குலம். அதில் ஓக் மரத்தின் துவாரங்கள் வாய்க்கால் வெட்டியது போல் தெரியும்! அதனால்தான் பொம்மை வீட்டுக்குத் தரை போடுகிறவர்கள் செர்ரி, பேரி போன்ற நெருங்கிய ரேகை கொண்ட மரங்களை நாடுகிறார்கள்.

அட்டை கனத்துக்குச் சீவிய மரத்தைக் கால் அங்குலப் பட்டைகளாக நறுக்குவார்கள். ஓரங்களில் பென்சிலைத் தேய்த்துவிட்டால், ஒட்டிய பின் அந்தக் கறுப்புக் கோடு பலகை இடுக்காகத் தெரியும். ஊசி முனையால் லேசாகக் குத்தினால் ஆணித் தலை! பட்டைகளின் முனைகள் ஒரே வரிசையில் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பசையில்தான் ஆபத்து. தண்ணீர் கலந்த பசை பட்டால் மெல்லிய மரம், பொரித்த அப்பளம் மாதிரி சுருண்டுகொள்ளும். காயும்வரை மேலே பாரம் ஏற்றி வைக்கவேண்டும். பிறகு உப்புத்தாளை ரேகைப் போக்கிலேயே தேய்க்கவேண்டும். குறுக்கே ஒரு கீறல் விழுந்தாலும் போச்சு, அந்த அளவில் அது பள்ளமாகத் தெரியும். கடைசியில் மெழுகு. பளபளப்பு கொஞ்சம் குறைவாகவே இருக்கட்டும். கண்ணாடி போல் மின்னினால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

இத்தனையும் தெரிந்துகொண்டு அங்கே ஒரு பிரெஞ்சு வரவேற்பறை முன்னால் நின்று பாருங்கள். பக்கத்தில் யார் கையும் விழாமல் ஒரு படம் எடுத்து வந்து வீட்டில் காட்டுங்கள். "இது எந்த ராஜா அரண்மனை?" என்றுதான் கேட்பார்கள்!