பெயருக்குள் இருக்கும் கொழுப்பு: மயோர்க்காவின் என்சைமாதா

ஸ்பெயினின் காலை உணவு மேசையில் இனிப்பு ரொட்டிகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றுள் மயோர்க்காத் தீவின் என்சைமாதா மட்டும் தன் மூலப்பொருளைத் தன் பெயரிலேயே சுமந்து நிற்கிறது. தீவில் வழங்கும் காட்டலான் மொழியில் 'சயீம்' என்றால் பன்றிக்கொழுப்பு. சயீம் பூசப்பட்டது என்சைமாதா. நத்தைக்கூடு போலச் சுருண்டு, மேலே பொடித்த சர்க்கரை தூவப்பட்டுக் காப்பியுடனோ கெட்டியான சூடான சாக்லேட்டுடனோ உண்ணப்படும் இந்த எளிய பண்டத்தை வீட்டில் செய்ய முற்படும் எவரும் முதலில் விடை காண வேண்டிய வினா ஒன்று உண்டு. பன்றிக்கொழுப்பை நீக்கிவிட்டால் எஞ்சுவது என்சைமாதாதானா?

சமையல் வினாவாகத் தோன்றினாலும் இதன் வேர் வேறெங்கோ இருக்கிறது.

'சயீம்' என்பது அரபு மொழியின் 'ஷஹ்ம்' (கொழுப்பு) என்பதிலிருந்து வந்ததாகப் பலரும் எழுதிவருகின்றனர். 902 முதல் 1229 வரை தீவு முஸ்லிம் ஆட்சியில் இருந்ததால் இந்த விளக்கம் உடனே மனத்தில் ஒட்டிக்கொள்கிறது. பன்றியை விலக்கிய மக்களின் சொல்லே பன்றிக்கொழுப்பின் பெயராயிற்று என்பது கேட்கச் சுவையான முரண். ஆயினும் கொழுக்கவைத்தலைக் குறிக்கும் 'சகீனா' என்னும் இலத்தீன் சொல்லோடு இணைக்கும் விளக்கமே வலுவானது. ஸ்பானிய மொழியில் கொழுப்பைக் குறிக்கும் 'சாயின்' அதே வேரிலிருந்து கிளைத்த உறவுச்சொல். உணவு வரலாற்றில் சுவையான விளக்கமும் சரியான விளக்கமும் ஒரே தட்டில் வருவது அரிது.

ரொட்டியின் தோற்றம் குறித்த கதைகளும் இத்தகையவையே. மயோர்க்காவின் யூதர்கள் 1435இல் கூட்டமாகக் கிறித்தவத்திற்கு மாற்றப்பட்டனர். மாறியவர்களின் வழித்தோன்றல்களுள் 15 குடும்பப்பெயர்களைத் தாங்கியோர் 'ஷுவேத்தா' என்று குறிக்கப்பட்டு, மதம் மாறிப் பல நூற்றாண்டுகள் கழிந்த பின்னும் ஒதுக்கிவைக்கப்பட்டனர். பெரும்பாலும் தமக்குள்ளேயே மணம் செய்துகொண்டனர். 1691இல் சமய விசாரணை மன்றம் அவர்களுள் பலருக்கு மரண தண்டனை விதித்தது. மூவர் உயிரோடு எரிக்கப்பட்டனர். மாகாண அரசின் தலைவர் இதற்கு வெளிப்படையாக வருத்தம் தெரிவிக்க 2011 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 'ஷுவேத்தா' என்ற சொல்லை யூதரைக் குறிக்கும் சொல்லின் சிறுமை வடிவம் என்பாரும் உண்டு. பன்றி இறைச்சியைக் குறிக்கும் தீவுச்சொல்லோடு தொடர்புபடுத்துவாரும் உண்டு. பன்றியைத் தொடாதிருப்பது ஸ்பானிய விசாரணை மன்றங்களில் மறைவான யூதப் பற்றுக்குச் சாட்சியமாக எடுத்துக்கொள்ளப்பட்டது. ஆகவே, யூதர்களின் சுருள் ரொட்டி ஒன்று, மதமாற்றத்தை அண்டை வீட்டார் கண்முன் மெய்ப்பிக்கும் பொருட்டுப் பன்றிக்கொழுப்பைப் பூசிக்கொண்டு என்சைமாதாவாயிற்று என்றொரு கதை தீவில் வழங்குகிறது. அதை வரலாறாக ஏற்பதற்கில்லை. ஆனால் அடுப்பிலிருந்து எழும் மணமே ஒரு குடும்பத்தின் விசுவாசத்திற்குச் சாட்சி சொன்ன காலம் ஒன்று இருந்தது என்பதில் ஐயமில்லை. விடுதி உணவுக்கூடத்தில் யார் எதை உண்ணலாம் என்ற சர்ச்சைகளைக் கண்ட நம் வளாகங்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

தீவின் கிராமங்களில் பன்றி அறுப்பு குளிர்காலத்திற்கு உரியது. அப்போது உருக்கி எடுத்த கொழுப்பு ஆண்டு முழுதும் சமையலறையில் இருக்கும். விழாக்காலப் பண்டமாக இருந்த ரொட்டி அன்றாடக் காலை உணவாக மாறியது பின்னாளில்தான்.

செய்முறைக்கு வேண்டியவை மிகக் குறைவு. வேண்டிய பொறுமை மிக அதிகம். புரதம் மிகுந்த கோதுமை மாவு 500 கிராம், சர்க்கரை 150 கிராம், இரண்டு முட்டைகள், தண்ணீர் 160 முதல் 180 மில்லிலிட்டர், ஸ்பானியர்கள் 'தாய்மாவு' என்றழைக்கும் புளித்த மாவு 100 கிராம், பூசுவதற்குக் கொழுப்பு 150 முதல் 200 கிராம். தாய்மாவு இல்லாதோர் சிறிதளவு ஈஸ்ட் சேர்ப்பர். மாவை நீட்டிப் பிடித்தால் கிழியாமல் விரல் நிழல் தெரியும் அளவுக்குப் பிசைய வேண்டும். கையால் பிசைந்தால் இருபது நிமிடமாவது ஆகும். புரதம் குறைந்த மைதா இந்த இடத்தில் கைவிட்டுவிடும்.

ஒரு மணி நேரம் ஓய்ந்த மாவை எண்பது கிராம் உருண்டைகளாக்கி, எண்ணெய் தடவிய மேசையில் ஒவ்வொன்றையும் மேசையின் நிறம் தெரியும் வரை மெல்லியதாக விரிக்க வேண்டும். பரோட்டாவுக்கு மாவு வீசுவோரைப் பார்த்தவர்கள் இதற்குப் பாதி பழகியவர்களே. விரித்த தாளின் மேல் இளகிய கொழுப்பைக் கையால் பூசிக் கயிறாகச் சுருட்டி, சற்றே ஓய்வளித்து, மீண்டும் நீட்டி, கடிகார முள் சுழலும் திசையில் இரண்டு சுற்றுகளாவது வருமாறு தட்டில் வளைத்து வைக்க வேண்டும். சுற்றுகளுக்கிடையே ஒரு விரல் இடைவெளி விடுவது முக்கியம். நெருக்கிச் சுருட்டியவர்க்குக் காலையில் கிடைப்பது நடுப்பகுதி வேகாத ஓர் அடை.

பிறகு பன்னிரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ மூடிவைக்க வேண்டும். இந்த நீண்ட காத்திருப்பு வெறும் மரபுப் பற்று அன்று. மாவின் எடையில் முப்பது விழுக்காடு சர்க்கரை இருக்கும்போது அது நீரைத் தன்பால் இழுத்துக்கொள்கிறது; ஈஸ்ட் செல்கள் நீரிழந்து மெல்லவே இயங்குகின்றன. அந்த மெதுவான புளிப்பில்தான் தேன்மணத்தோடு சேர்ந்த இலேசான புளிச்சுவை பிறக்கிறது. ஈஸ்டை அள்ளிப்போட்டு மூன்று மணி நேரத்தில் முடித்தால் உருவம் கிடைக்கும், சுவை கிடைக்காது. காலையில் சுருள்கள் ஒன்றையொன்று தொட்டுப் பருத்திருக்கும். மேலே நீர் தெளித்து 180 டிகிரி செல்சியசில் 12 முதல் 15 நிமிடம் சுட்டால் போதும். சர்க்கரைப் பொடி ஆறிய பின்னரே. சூட்டில் தூவினால் உருகிப் பிசுபிசுக்கும்.

இனி, வெண்ணெயின் வழக்கு. வெண்ணெயில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு நீர் உண்டு. பன்றிக்கொழுப்பில் நீர் இல்லையென்றே சொல்லலாம். மெல்லிய தாளில் பூசப்பட்ட தூய கொழுப்பு இழைகளை ஒட்டவிடாமல் பிரித்து வைக்கிறது. வெண்ணெயின் நீரோ மாவில் ஊறி அவற்றை ஓரளவு ஒட்டவைத்துவிடுகிறது. நெய் இக்குறையை நீக்கும். ஆனால் அதன் மணம் ரொட்டியின் மணத்தை விழுங்கிவிடும். நிறமும் மணமும் அற்ற தாவரக் கொழுப்பைக் கொண்டு செய்வோரும் உளர். இழைகள் நன்றாகவே பிரிகின்றன, வாயில் மட்டும் மெழுகு படிந்தாற்போல் ஓர் உணர்வு தங்குகிறது.

சட்டத்தின் விடை தெளிவானது. 2004இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு பெற்ற 'மயோர்க்கா என்சைமாதா' பன்றிக்கொழுப்பில்தான் செய்யப்பட வேண்டும். உள்ளீடற்றதும், ஒருவகைப் பூசணியின் நாரைப் பாகிலிட்டுச் செய்யும் 'தேவதையின் கூந்தல்' நிரப்பியதும் மட்டுமே அப்பெயருக்கு உரியவை. பாலேடு நிரப்பியவற்றுக்கு அக்குறியீடு கிடையாது. தவக்காலத்திற்கு முந்தைய நாள்களில் தீவினரே விரும்பி உண்ணும், மேலே சொப்ரசாதா என்னும் செந்நிறப் பன்றித் தொத்திறைச்சித் துண்டுகள் பதித்த வகைக்கும் இல்லை. விலக்கப்பட்டோர் பட்டியலில் உள்ளூர்ப் பழக்கமே இடம்பெறுவது புவிசார் குறியீடுகளை ஆராய்வோர் எங்கும் காணும் விந்தைதான்.

மக்களின் விடை வேறு. ஸ்பானியர் ஆண்ட பிலிப்பைன்சில் 'என்சைமாதா' இன்றும் கிறிஸ்துமஸ் காலப் பண்டம். அங்கே பன்றிக்கொழுப்பின் இடத்தில் பெரும்பாலும் வெண்ணெய்; சர்க்கரையோடு சீஸ் துருவலும் மேலே குவிகிறது. பெயரில் உள்ள கொழுப்பு பண்டத்தில் இல்லை. யாரும் அதைக் குறையாகக் கொள்வதுமில்லை. புவேர்ட்டோ ரிக்கோவிலோ கொழுப்பின் பெயர் உதிர்ந்து தீவின் பெயர் மட்டும் எஞ்சியது: அங்கே 'மயோர்க்கா' என்று கேட்டால் சுருள் ரொட்டி வரும், பலவேளைகளில் நடுவே பிளந்து பன்றித்தொடைத் துண்டும் சீஸும் வைத்து. கொழுப்பிலிருந்து பெயரைப் பிரித்தெடுக்க இயலும் என்பதற்கு இவ்விரண்டையும்விட நல்ல சான்று தேவையில்லை. அதனால் வெண்ணெயிலோ நெய்யிலோ செய்யும் வீட்டார் தம் ரொட்டியை என்சைமாதா என்றழைப்பதில் பொய்யேதுமில்லை. மயோர்க்காவினுடையது என்று விற்றால்தான் பொய்.

பால்மா விமான நிலையத்தில் ஊர் திரும்புவோர் கைகளில் எண்கோண அட்டைப்பெட்டிகள் தொங்கும். உள்ளே இருப்பது பெரிய என்சைமாதா, குடும்பம் முழுவதற்கும். வீட்டில் சுட்டதற்குப் பெட்டி வேண்டியதில்லை. மறுநாள் காலை சற்று உலர்ந்துபோனவற்றைக் குறுக்கே வெட்டி, வெட்டிய பக்கம் சூடான தோசைக்கல்லில் படுமாறு ஒரு நிமிடம் வைத்தால், உறைந்த கொழுப்பு இளகி இழைகள் மீண்டும் பிரியும்.