வியாழக்கிழமை ஓட்டத்தில் போட்டோ இல்லை

எங்கள் பக்கத்தில் விடியற்காலையில் ஒரு பையன் ரோட்டில் ஓடினால் யாரும் வியப்பதில்லை. "செலக்‌ஷனா தம்பி?" என்று மட்டும் கேட்பார்கள். ஒன்று போலீஸ், இல்லாவிட்டால் மிலிட்டரி. காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். அந்த 7 நிமிடத்துக்காக மூன்று வருடம், நான்கு வருடம் ஓடியவர்கள் எங்கள் காலனியில் இருக்கிறார்கள். தேர்வு முடிந்த மறுநாள், பாஸானாலும் ஃபெயிலானாலும், ஓட்டம் நின்றுவிடும். வேலைக்காக ஓடுவது எல்லோருக்கும் புரிகிறது. வேலை எதுவும் கிடைக்காத ஓட்டம், மலையைப் பார்க்க, போட்டோ எடுக்க, சும்மா வியர்க்க ஓடுகிற ஓட்டம் என்றால்தான் கேள்வி வருகிறது. இயக்கத் தோழர்களே கேட்கிறார்கள்: "இதெல்லாம் ஐ.டி. கம்பெனிக்காரங்க பொழுதுபோக்கு இல்லையா?"

அதற்குப் பதிலாகத்தான் எங்கள் ஒரு வாரத்தை இங்கே எழுதுகிறோம்.

நாங்கள் ஏழு பேர். செஞ்சிக்குப் பக்கத்தில் ஒரு காலனியின் மாலைப் படிப்பகத்தில் சேர்ந்தவர்கள். இரண்டு பேர் சமூகப்பணியில் இருக்கிறோம். ஒரு தங்கை பி.எட். படிக்கிறாள், இன்னொருத்தி நர்சிங். ஒரு தம்பி டைல்ஸ் ஒட்டும் வேலைக்குப் போகிறான். மற்ற இருவர் கல்லூரி மாணவர்கள். செஞ்சியைப் பஸ்ஸில் கடந்தவர்களுக்கு இந்த நிலம் தெரியும். யாரோ லாரி லாரியாகக் கொண்டுவந்து கொட்டியது போலக் கருங்கல் உருண்டைகள் குன்று குன்றாகக் கிடக்கும். ஆடு மேய்க்கிறவர்களும் விறகுக்குப் போகிறவர்களும் நடந்து நடந்தே உண்டாக்கிய ஒற்றையடிப் பாதைகள் அவற்றுக்கு நடுவே ஓடுகின்றன. நகரத்தில் இதற்கு டிரெயில் ரன்னிங் என்று பெயர், அதற்கென்று தனி ஷூ, தனிப் பை. எங்கள் அம்மாக்கள் அதே பாதையில் தலைச்சுமையோடு இறங்கி வந்தபோது அதற்குப் பெயர் எதுவும் இல்லை.

பயிற்சி அட்டவணையை இணையத்திலிருந்துதான் எடுத்தோம். முதல் வாரத்திலேயே ஒன்று புரிந்தது. அது நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவருக்காக எழுதப்பட்டது. திங்கள்கிழமை ஓய்வு என்று போட்டிருக்கும். டைல்ஸ் தம்பிக்குத் திங்கள்கிழமை என்றால் மூன்றாவது மாடிக்குச் சிமெண்ட் மூட்டை ஏற்றும் நாள். வாரம் இரண்டு நாள் உடல் வலுப் பயிற்சி என்று போட்டிருக்கும். அவனுக்கு வாரம் ஆறு நாளும் அதுதான், சம்பளத்தோடு. அதனால் அவன் கணக்கில் ஓட்டத்தைக் குறைத்து, வேலையையும் பயிற்சியாகச் சேர்த்துக்கொண்டோம். தங்கைகளுக்கு வேறு கணக்கு. ஐந்தரைக்குக் குழாயில் தண்ணீர் வரும், குடத்தோடு நிற்க வேண்டியது அவர்கள்தான். இருட்டியபின் ஓட வீட்டில் விடமாட்டார்கள். ஆக எங்கள் ஓட்டம் ஐந்தே முக்காலுக்கு, தண்ணீர் பிடித்து முடித்தபின்தான் தொடங்கும். பையன்களும் குடம் தூக்கினால் பத்து நிமிடம் முன்னாடியே கிளம்பலாம் என்று ஒருநாள் நர்சிங் தங்கை சொன்னாள். இப்போது தூக்குகிறார்கள். இந்த வாரத்தின் பெரிய சாதனை எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வோம்.

செவ்வாய்க்கிழமை ஏற்றம். காலனிக்குப் பின்னால் இருக்கிற பாறைக் குன்றில் ஒரு நிமிடம் மூச்சு வாங்க ஏறுவது, நடந்து இறங்குவது, இப்படி எட்டு முறை. ஏறுவதுதான் கஷ்டம் என்று புதிதாக வருகிறவர்கள் நினைப்பார்கள். மறுநாள் தொடை வலிக்கும்போது தெரியும், வலியைக் கொடுத்தது இறக்கம் என்று. இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பின் எடையைத் தாங்க வேண்டியிருக்கிறது. நுண்ணிய சேதம் அங்கேதான் அதிகம். அதனால் எட்டாவது முறைக்குப் பிறகு வேகமாக இறங்கிக் காட்டும் வீரமெல்லாம் வேண்டாம். மார்கழியில் பாறை பனியில் நனைந்திருக்கும், வழுக்கும். அந்த மாதம் பாறையை விட்டுவிட்டு ஏரிக்கரைச் சரிவில் ஏறுகிறோம்.

புதன்கிழமை மெதுவான ஓட்டம், ஐந்தாறு கிலோமீட்டர். பக்கத்தில் ஓடுகிறவரோடு முழு வாக்கியம் பேச முடிகிற வேகம். பேச முடியவில்லை என்றால் வேகம் அதிகம் என்று அர்த்தம். படம் எடுக்கும் நாளும் இதுதான்.

எங்களிடம் கேமரா கிடையாது, செகண்ட் ஹேண்டில் வாங்கிய போன் இருக்கிறது. ஏரிக்கரையில் சூரியன் எழும்போது எடுத்த முதல் படங்களில் வானம் அழகாக இருந்தது, எங்கள் முகம் இல்லை. கரிக்கோடு போல ஏழு உருவங்கள். இது நம் நிறத்தின் குறை என்று ஒரு தம்பி சிரித்துக்கொண்டே சொன்னான். அந்தச் சிரிப்பு எங்களுக்குப் பிடிக்கவில்லை. கேமரா தன் முன்னால் இருக்கிற எல்லாவற்றையும் சராசரியாக்கி, ஒரு நடுத்தரச் சாம்பல் வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கிறது. வானம் வெளிச்சமாக இருந்தால் முகத்தை இருட்டாக்கிவிடும். திரையில் முகத்தின் மேல் விரலால் தொட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏற்றினால் போதும். சூரியனைப் பின்னால் வைக்காமல் பக்கவாட்டில் வைத்தால் இன்னும் நல்லது. கறுத்த தோலில் வியர்வை பட்டுப் பக்க வெளிச்சம் விழுந்தால் எப்படி இருக்கும் என்பதை நீங்களே எடுத்துப் பாருங்கள். ஏழு மணிக்குமேல் எங்கள் ஊர் வெயில் எல்லாவற்றையும் தட்டையாக்கிவிடும்.

இன்னொன்று, போனில் பியூட்டி மோடை முதலில் அணையுங்கள். நம்மைக் கேட்காமலே வெளுக்க வைக்கிற வேலை அது. இந்த வேலை நேற்று தொடங்கியதும் அல்ல. 1950களில் இருந்து கோடாக் நிறுவனம் வண்ணப் படங்களின் நிறம் சரியாக வருகிறதா என்று பார்க்க ஸ்டூடியோக்களுக்கு அனுப்பிய மாதிரி அட்டையில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம்தான் இருந்தது. அதற்கு ஷெர்லி அட்டை என்று பெயர். அவள் தோல் சரியாக வந்தால் படம் சரி. நம் தோல் எப்படி வந்தாலும் அது யாருடைய பிரச்சினையும் இல்லை. 2021இல் கூகுள் தன் பிக்சல் போனில் எல்லாத் தோல் நிறமும் உள்ளபடி தெரியும் என்று விளம்பரம் செய்ததென்றால், அதுவரைக்கும் தெரியவில்லை என்றுதானே பொருள்?

பாதையில் எதிர்ப்படுகிறவர்களைப் படம் எடுப்பதில் எங்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. கேட்டுத்தான் எடுப்போம், எடுத்ததைக் காட்டுவோம், பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுப்போம். வார இறுதியில் பெரிய லென்ஸோடு காரில் வருகிறவர்கள் விறகுக்கட்டோடு வருகிற பாட்டிகளைத் தூரத்தில் இருந்தே எடுத்துக்கொண்டு போவார்கள். அந்தப் படம் எங்கே போகிறது என்று பாட்டிக்குத் தெரியாது. ஒருமுறை நாங்கள் ஒரு பாட்டியிடம் கேட்டோம். "இரு"ன்னு சொல்லி, தலையில் இருந்த கட்டை இறக்கிப் பாறையில் சாய்த்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இப்ப எடு. கட்டை இல்லாம எடு" என்றார். சமூகவியலில் எம்.ஏ. படித்தபோது பிரதிநிதித்துவம் பற்றித் தடித்தடியாகப் புத்தகம் படித்திருக்கிறோம். பாட்டிக்கு அதற்கு நாலு வார்த்தை போதுமாக இருந்தது. அந்தப் படம் அவர் வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது.

வெள்ளி ஓய்வு, சனி அரை மணி நேரம். எழுத ஒன்றுமில்லை.

ஞாயிறு நீண்ட ஓட்டம். குன்றுகளைச் சுற்றிப் பதினாறு கிலோமீட்டர், மூன்று மணி நேரம் ஆகும். ஏற்றத்தில் நடப்போம். அதில் வெட்கமில்லை, பந்தயங்களில் பெரிய ஓட்டக்காரர்களும் செங்குத்தில் நடக்கத்தான் செய்கிறார்கள். விலை கூடிய ஜெல் பாக்கெட்டுக்குப் பதில் கடலைமிட்டாய், உப்பும் எலுமிச்சையும் போட்ட தண்ணீர், முடிந்தபின் மோர் ஊற்றிய கேழ்வரகுக் கூழ். மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டும் கோட்டைக்குச் சீட்டு வாங்கி ராஜகிரியில் ஏறுவோம். அங்கே ஓடுவதில்லை, படிகளில் குழந்தைகளோடு குடும்பங்கள் வரும்.

2025 ஜூலையில் மராட்டியக் கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாக யுனெஸ்கோ பட்டியலில் செஞ்சி சேர்ந்தபின் கூட்டம் கூடியிருக்கிறது. எல்லார் போனிலும் ராஜகிரி, கிருஷ்ணகிரி. அங்கே நான்காவதாக ஒரு சிறிய குன்று உண்டு, சக்கிலி துர்க்கம் என்று பெயர். தோல் தைத்த மக்களின் பெயரைத் தாங்கிய குன்று. அதை எடுக்க யாரும் திரும்பி நிற்பதில்லை. நாங்கள் ஒவ்வொரு முறையும் எடுக்கிறோம், வெவ்வேறு வெளிச்சத்தில். இதுவரை பதினோரு படம் சேர்ந்திருக்கிறது.

வியாழக்கிழமையைக் கடைசிக்கு வைத்திருந்தோம். அன்று இடைவிடாத வேக ஓட்டம், ஐந்து கிலோமீட்டர். அதற்குச் சமமான தரை வேண்டும். எங்களுக்குக் கிடைப்பது ஒரே ஒரு தார்ரோடு, அது ஊர்த்தெரு வழியாகப் போகிறது. மாற்றுவழி சுடுகாட்டுக்குப் பின்னால் ஓடையோரம், வேலிகாத்தான் முள்ளும் குழியும். வேகமாகப் போனால் கணுக்கால் போய்விடும்.

மூன்றாவது வியாழன் அன்று ஒரு திண்ணையில் இருந்து குரல் வந்தது. "எந்தத் தெருப் பசங்க? ஷூ மாட்டிக்கினு பொம்பளப் புள்ளைங்களோட இங்க இன்னா ஓட்டம்?" அடுத்த வியாழன் இரண்டு பைக் ரோட்டுக்குக் குறுக்கே நின்றன. சுற்றிக்கொண்டு ஓடினோம்.

சட்டம் எங்கள் பக்கம் இருக்கிறது என்பது எங்களுக்குத் தெரியும். பொதுச் சாலையும் பொதுக் கிணறும் எல்லோருக்கும் உரியவை என்று இரட்டைமலை சீனிவாசன் சென்னை மாகாணச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தது 1924இல். வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்கப் போராட்டம் தொடங்கியதும் அதே வருடம்தான். 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பொது இடத்தில் நாம் செருப்பு அணிவதைத் தடுப்பதைத் தனியே பெயர் சொல்லிக் குற்றமாக்கியிருக்கிறது. செருப்பு என்றால் ஷூவும் அடங்கும். அதனால் போனில் வீடியோ ஓடவிட்டுக்கொண்டே ஓடலாம், யாராவது மறித்தால் ஆதாரம் ஆகும் என்று முடிவெடுத்தோம்.

அம்மாக்கள் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தத் தெருக்காரர்கள் நிலத்தில்தான் அவர்கள் களை எடுக்கிறார்கள், நாற்று நடுகிறார்கள். படிப்பகத்தில் ஒரு ராத்திரி எல்லோரும் உட்கார்ந்து பேசினோம். "நீங்க ஓடிட்டு ஆபீசுக்குப் போயிருவீங்க. வெள்ளிக்கிழமை கூலி வாங்க நாங்கதான அங்க நிக்கணும்" என்றார் ஒரு அக்கா. எங்களிடம் பதில் இல்லை. ஓட்டத்தை நிறுத்திவிடலாம் என்று டைல்ஸ் தம்பி சொன்னபோது அதையும் அவர்கள் ஏற்கவில்லை. இரண்டு மணி நேரம் கழித்து அவர்களே முடிவு சொன்னார்கள்: ஓடுங்க, ஏழு பேரும் சேர்ந்தே ஓடுங்க, ஷூ போட்டுத்தான் ஓடுங்க. போன் மட்டும் வெளியே வரக்கூடாது. வீடியோ எடுத்தால் அது வம்புக்கு வந்த மாதிரி ஆகிவிடும். தினம் ஓடினால் ரோட்டில் ஓடுகிற மாதிரி மட்டும்தான் இருக்கும்.

ஆதாரம் இல்லாமல் போனால் நாளைக்கு எந்த ஸ்டேஷனில் எதைக் காட்டுவது என்ற எங்கள் வாதத்தை நாங்கள் இன்னும் விடவில்லை. அடுத்த கூட்டத்தில் மறுபடி பேசுவோம். அதுவரை அம்மாக்கள் சொன்னபடிதான்.

பைக்குகள் அதற்குப் பிறகும் இரண்டு வாரம் நின்றன, இப்போது இல்லை. திண்ணைப் பெரியவர் இருக்கிறார், பேசுவதில்லை. போன வியாழன் பி.எட். தங்கை அந்த ஐந்து கிலோமீட்டரை 31 நிமிடத்தில் முடித்தாள், எங்கள் எல்லோருக்கும் முன்னால். டைல்ஸ் தம்பியின் கைக்கடிகாரத்தில் நேரம் இருக்கிறது. படம் இல்லை.